ஆண்டவர் ஏற்கெனவே சொன்னவை

அன்பு மகனுக்கு,

கிறிஸ்துவின் நாமத்தில் அம்மாவின் வாழ்த்துகள். அப்பாவும் நானும் சுகமாக இருக்கிறோம். இரண்டு கம்பெனியிலிருந்தும் வேலைக்கு உத்தரவு வந்திருக்கிறது, எதை எடுப்பது என்று ஆண்டவர் ஒரு வசனத்தின் மூலம் காட்டவேண்டும், ஜெபித்துக்கொள்ளுங்கள் என்றாய். ஜெபித்துக்கொண்டுதான் இருக்கிறேன். போனில் நிதானமாகப் பேச முடியாத சில காரியங்கள் மனதில் இருக்கின்றன. அதனால்தான் இந்தக் கடிதம்.

வாழ்க்கையை ஆண்டவர் கையில் ஒப்புக்கொடுப்பது என்றால், பெரிய முடிவு வரும்போது அவரிடம் அடையாளம் கேட்பது என்றுதான் நம் சபையில் பலர் நினைக்கிறார்கள். புது வருஷ ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டையை வீடு வாங்கவும் விசாவுக்கும் பொருத்திப் பார்க்கிறார்கள். அட்டையை நான் குறை சொல்லவில்லை. அதில் இருப்பதும் வேதவசனம்தான். ஆனால் கிதியோனைப் பார். ஆட்டுத் தோலை இரவில் களத்தில் போட்டு, ஒரு நாள் அது மட்டும் பனியில் நனையவேண்டும், மறுநாள் அது மட்டும் காய்ந்திருக்கவேண்டும் என்று ஆண்டவரிடம் அடையாளம் கேட்டவன் என்றே அவனை எல்லோரும் எடுத்துக்காட்டுகிறார்கள். நியாயாதிபதிகள் 6-ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசி. தோலைப் போடுகிறபோதே அவன் "நீர் சொன்னபடி" என்கிறான். இஸ்ரவேலை மீட்கத் தான் போகவேண்டும் என்று அவனுக்கு முன்பே தெரியும். ஆண்டவர் பொறுமையாக இரண்டு முறையும் பதில் கொடுத்தார் என்றால் அது அவருடைய தயவு. அதை நாம் வழக்கமாக்கிக்கொள்ளக் கூடாது.

நீ சொன்னதை வைத்துப் பார்த்தால் இரண்டுமே நேர்மையான வேலை. சம்பளம், வேலை நேரம், ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போக வழியுண்டா, எல்லாவற்றையும் யோசித்து ஒன்றை எடு. இன்ன பட்டணத்துக்குப் போய் வியாபாரம் செய்வோம் என்று திட்டம் போடுகிறவர்களைப் பற்றி யாக்கோபு தன் நிருபத்தில் எழுதும்போது, திட்டம் போடாதே என்று சொல்லவில்லை. "ஆண்டவருக்குச் சித்தமானால், நாங்களும் உயிரோடிருந்தால்" என்று சொல்லிக்கொண்டு போடு என்கிறார். யோசிக்கிற புத்தியும் அவர் கொடுத்ததுதானே! ஆனால் மேலதிகாரி பொய்க் கணக்கில் கையெழுத்துப் போடச் சொன்னால் போடமாட்டேன் என்பதை வேலையில் சேருமுன்பே தீர்மானித்துக்கொள். அதற்கு எந்த வசனமும் புதிதாக வரவேண்டியதில்லை.

நம் வீட்டு முன்னறையில் மாட்டியிருக்கும் பலகையை எழுத்துக்கூட்டி வாசித்துத்தான் நீ தமிழ் பழகினாய். கிறிஸ்துவே இந்த வீட்டின் தலைவர், ஒவ்வொரு வேளை உணவிலும் காணப்படாத விருந்தினர், ஒவ்வொரு பேச்சையும் மௌனமாய்க் கேட்கிறவர். கல்யாணத்துக்கும் வீடு பிரதிஷ்டைக்கும் இதையே வாங்கிக் கொடுக்கிறோம். அவர் உண்மையிலேயே விருந்தினராக வந்து தங்கிய வீடு ஒன்று லூக்கா 19-இல் இருக்கிறது. வரி வசூலிக்கிற ஆயக்காரருக்குத் தலைவனான சகேயுவின் வீடு. அங்கே சகேயு பேசுமுன்பு இயேசு பணத்தைப் பற்றிப் பேசினார் என்று எழுதியிருக்கவில்லை. சகேயுதான் எழுந்து நின்று, ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு என்கிறான். அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நாலு மடங்காகத் திரும்பக் கொடுக்கிறேன் என்கிறான். தானே அறிக்கை பண்ணினவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுத்தால் போதும் என்பது எண்ணாகமத்தில் உள்ள பிரமாணம். நாலத்தனை என்பது யாத்திராகமத்தில் ஆடு திருடி விற்றவனுக்குச் சொன்ன தண்டனை. சகேயு தன்னைத் திருடன் வரிசையிலேயே நிறுத்திக்கொண்டான். ஆண்டவர் வீட்டுக்குள் வந்ததும் கணக்கு நோட்டு தானாகத் திறந்துவிட்டது.

இப்போது நம் வீட்டு நோட்டுக்கு வருகிறேன் ராசா. உனக்குப் பெண் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். பெரியப்பா போன வாரம் வந்து இரண்டு சம்பந்தம் சொன்னார். "நாம ஒண்ணும் வாய் திறந்து கேக்க வேண்டாம், அவங்களே அவங்க பிள்ளைக்குச் செய்வாங்க" என்றார். எத்தனை பவுன் என்பதையும் சேர்த்தே சொன்னார். முடிவானபின் போதகர் மூன்று ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலை வாசிப்பார், ஆராதனை நடக்கும், ஜெபத்தோடு எல்லாம் நிறைவேறும். ஆனால் அந்தப் பவுன் பேச்சு நடக்கிற அறையில் மட்டும் யாரும் ஜெபிப்பதில்லை. வரதட்சணை கேட்பதே குற்றம் என்று 1961-ஆம் வருஷத்துச் சட்டம் சொல்கிறது. "பிறனுக்குள்ள யாதொன்றையும் இச்சிப்பாயாக" என்று எந்த வேதத்திலும் இல்லை. இச்சியாதிருப்பாயாக என்பதைத்தான் ஞாயிறு பள்ளியில் உனக்கு மனப்பாடம் செய்வித்தோம்.

சாதியும் அப்படித்தான். பெண் விசுவாசியா என்று கேட்பதற்கு முன்னால் "நம்ம ஆளுகதானே" என்று கேட்கிறார்கள். 1833-இல் கல்கத்தா பேராயராக இருந்த தானியேல் வில்சன், சாதி வித்தியாசத்தைத் திருச்சபை உடனே முற்றிலுமாக விடவேண்டும் என்று தென்னிந்திய சபைகளுக்குக் கடிதம் எழுதினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் கோவிலை விட்டே வெளியேறினார்கள். அவர்களும் நம்மைப்போல ஜெபித்தவர்கள், கீர்த்தனை பாடினவர்கள். இராப்போஜனத்தில் எல்லாரோடும் ஒரே பாத்திரத்தில் பானம்பண்ணச் சொன்னபோதுதான் அவர்களால் முடியவில்லை. "நீங்களெல்லாரும் கிறிஸ்து இயேசுவுக்குள் ஒன்றாயிருக்கிறீர்கள்" என்று பவுல் கலாத்தியருக்கு எழுதியது அவர்கள் கையிலும் இருந்தது. இன்றைக்கு நாம் ஒரே பாத்திரத்தில் குடிக்கிறோம். பெண் எடுப்பதில்தான் நின்றுவிடுகிறோம். "என்னை ஆண்டவரே! ஆண்டவரே! என்று நீங்கள் சொல்லியும், நான் சொல்லுகிறபடி நீங்கள் செய்யாமற்போகிறதென்ன?" என்று இயேசு கேட்டது இந்த இடத்துக்கும்தான்.

இப்படி நடந்தால் எல்லாம் சுகமாக அமையும் என்று நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். அப்போஸ்தலர் 12-ஆம் அதிகாரத்தில் யோவானுடைய சகோதரனாகிய யாக்கோபு பட்டயத்தால் கொலையுண்டான், பேதுருவைத் தூதன் சிறையிலிருந்து கூட்டிக்கொண்டு போனான். இருவருமே அவருடையவர்கள். சொந்தக்காரர்கள் நம்மேல் மனஸ்தாபப்படலாம், சம்பந்தம் தள்ளிப்போகலாம். அப்பாவும் நானும் அதைப் பேசி, பொறுத்துக்கொள்வோம் என்று முடிவு பண்ணியிருக்கிறோம்.

பெரியப்பா அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து வீட்டுக்கு வருகிறார். பவுன் பேச்சு வேண்டாம், சாதி பார்க்க வேண்டாம் என்று நான் சொல்வேன். ஆனால் உன் கல்யாணம் இது. அம்மா சொல்கிறாள் என்று போய்விடக்கூடாது. அன்று மத்தியானம் போன் பண்ணி உன் வாயால் அவரிடம் சொல். மரியாதையாகச் சொல், அவர் உன்னைத் தூக்கி வளர்த்தவர். அதற்குள் வேலையையும் முடிவு பண்ணி அப்பாவிடம் சொல்லிவிடு.

ஜெபத்துடன்,
அம்மா