அது பான்ட்டி அல்ல, குட்மேன்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழில், கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாஃப்ளினின் ஜாஸ்-ராக் குழுவான மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவின் முதல் ஆல்பமான ‘தி இன்னர் மவுண்ட்டிங் ஃப்ளேம்’ (1971) பற்றிய கட்டுரையில், வயலின் ழான் லூக் பான்ட்டி என்று வந்திருக்கிறது. வாசித்தவர் ஜெர்ரி குட்மேன், சிகாகோவின் ‘தி ஃப்ளாக்’ ராக் குழுக்காரர். பான்ட்டி இந்தக் குழுவில் வாசித்த முதல் ஆல்பம் 1974இல் வந்த ‘அபோகலிப்ஸ்’.

பெயர்ப் பிழையைக்கூட விடலாம். கிட்டார் இரைச்சலில் வயலின் அமுங்கிப்போனது என்று எழுதியிருப்பதுதான் உறுத்துகிறது. அமுங்கவில்லை, கட்டுரையாளர் பல இடங்களில் அதைக் கிட்டார் என்று நினைத்துவிட்டார்!

குழுவின் டிரம்மர் பில்லி காபமின் டிரம்ஸ் பக்கத்தில் வயலினுக்கு மைக் வைத்தால் முதலில் விழுவது டிரம்ஸ்தான். ஒலியைக் கூட்டினாலோ, வயலின் கூடு ஸ்பீக்கர் சத்தத்தை வாங்கி மறுபடி மைக்குக்கே அனுப்பும். ‘கூ’வென்று ஊளை கிளம்பும். தந்தியின் அதிர்வை வயலினிலேயே பிடிக்கும் பிக்கப் இந்தத் தொல்லையைப் பெருமளவு குறைக்கிறது. ஆனால் ஆம்ப்ளிஃபயரைக் கரகரக்கும் அளவுக்கு ஏற்றினால் வில்லின் உரசல் மறைந்து, வயலினும் கிட்டார் குரலில் பேச ஆரம்பித்துவிடும்.

பிரித்துக் கேட்க, சுரம் பிறக்கும் இடத்தைக் கவனிக்க வேண்டும். கிட்டார் மீட்டும் சில்லான பிளெக்ட்ரம் பட்ட சுரம் ‘டக்’கென்று பிறந்து தேயும். வில் இழுத்த சுரம் நடுவழியிலும் பெருகும். கிட்டார் தந்தியை வளைத்தால் சுரம் மேலே போய்த்தான் திரும்பும். ஃப்ரெட் (கிட்டார் கழுத்தின் குறுக்குக் கம்பி) இல்லாத வயலினில் நினைத்த இடத்திலிருந்து கீழே வழுக்கலாம். வழக்கமான சுருதியில் வயலினின் தடித்த தந்தி 196 ஹெர்ட்ஸ். அதற்கும் கீழே கேட்பது வேறு வாத்தியம். ஆல்பத்தின் ‘அவேக்கனிங்’கில் கிட்டார், வயலின் இரண்டும் ஒரே சுரவரிசையில் பாய்கின்றன. சுருதியில் வரும் மயிரிழை வித்தியாசம்தான் அங்கே ஒலிக்கு அந்தத் தடிமனைத் தருகிறது.

இசைத்தட்டின் முதல் பக்கத்தின் கடைசி உருப்படி ‘எ லோட்டஸ் ஆன் ஐரிஷ் ஸ்ட்ரீம்ஸ்’. டிரம்ஸ், பேஸ் கிடையாது. அகூஸ்டிக் கிட்டார், பியானோ, வயலின் மட்டும். அதில் குட்மேனின் வில்லைப் பழகிக்கொண்டு ‘தி நூன்வர்ட் ரேஸ்’ கேட்டால் ஆள் பிடிபடுவார். இந்த ‘ரேஸ்’ உருப்படியில் தகரம் நெளிவதுபோல் வருவது சிந்தசைசர் அல்ல. கீபோர்டு கலைஞர் யான் ஹாமரின் ஃபெண்டர் ரோட்ஸ் மின்பியானோ, ஒலியைத் திரிக்கும் ரிங் மாடுலேட்டர் வழியாக. அவருடைய மினிமூக் சிந்தசைசர் அடுத்த ஆல்பத்தில்தான் வருகிறது.

வயலின் கலைஞர் எல். சங்கரை இந்த ஆல்பத்தோடு முடிச்சுப் போட்டதும் சரியில்லை. அவர் ஜான் மெக்லாஃப்ளினோடு வாசித்தது ‘சக்தி’ குழுவில், விக்கு விநாயக்ராமின் கடத்தோடு. அதன் முதல் ஆல்பத்துக்கான கச்சேரி பதிவானதே 1975இல்தான்.

— வாசகர், திருச்சி