பஞ்சர் கடைக்குத் தெரிந்த பள்ளம்: மாநகராட்சி ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆணையர் அவர்களுக்கும் நகரப் பொறியாளர் அவர்களுக்கும்,

வணக்கம்.

ஐப்பசி மழை இரண்டு நாள் விடாமல் பெய்து ஓய்ந்த ஒரு மாலையில், பழைய பேருந்து நிலையத்திலிருந்து ரயில்வே கேட்டுக்குச் செல்லும் சாலையில், நாற்பது கிலோமீட்டருக்கு மேல் இராத வேகத்தில் சென்றுகொண்டிருந்த என் காரின் இடது முன்சக்கரம், தேங்கிய நீருக்கு அடியில் இருந்த ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அடுத்த இருநூறு மீட்டருக்குள் ஸ்டியரிங் இடப்பக்கமாக இழுக்கத் தொடங்கியது. இறங்கிப் பார்த்தபோது டயரில் காற்றே இல்லை. தூறலில் நனைந்தபடி ஸ்டெப்னியை மாற்றிக்கொண்டு, கேட்டுக்கு அருகிலுள்ள பஞ்சர் கடைக்குச் சென்றேன்.

கடைக்காரர் சக்கரத்தில் காற்றேற்றித் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தினார். குமிழ்கள் டயர் தரையில் படும் பகுதியிலிருந்து வரவில்லை. ரிம்மின் உள்விளிம்பை ஒட்டி வரிசையாக வந்தன. சக்கரத்தைப் படுக்கவைத்துத் திருப்பியபோது, அந்த விளிம்பு ஒரு விரல் நீளத்துக்கு உள்வாங்கியிருந்ததும், அதை ஒட்டிய இடத்திலேயே டயரின் பக்கச்சுவர் எலுமிச்சம்பழ அளவுக்குப் புடைத்திருந்ததும் தெரிந்தன. பள்ளத்தின் விளிம்புக்கும் ரிம்முக்கும் இடையே டயர் நசுங்கும்போது உள்ளிருக்கும் நூலிழைகள் அறுந்துபோகின்றன. அறுந்த இடத்தில் வெறும் ரப்பர் மட்டுமே காற்றைத் தாங்கி நிற்பதால் அது வெளியே தள்ளுகிறது. "உள்ள நூல் அறுந்துடுச்சு சார், இத மாட்டிக்கிட்டு பைபாஸ்ல ஏறிடாதீங்க" என்று எச்சரித்த அவர், எங்கே அடிபட்டது என்று நான் சொல்வதற்கு முன்பே, "கேட்டுக்கு முன்னாடி, வேப்பமரம் பக்கத்துல உள்ள குழிதானே?" என்று கேட்டார். மழை தொடங்கிய பிறகு அந்த ஒரு குழியில் விழுந்து அவர் கடைக்கு வந்த ஐந்தாவது கார் என்னுடையதாம். இந்த மடலை எழுத வைத்தது, சக்கரம் வளைந்ததைவிட அந்தக் கேள்விதான்.

மறுநாள் நீர் வடிந்தபின் அளவு நாடாவுடன் சென்றேன். பள்ளம் எழுபது சென்டிமீட்டர் நீளம், நாற்பத்தைந்து அகலம், பதினான்கு ஆழம். அக்கம்பக்கத்தார் யாரோ ஒரு வேப்பங்கிளையை அதில் நட்டு, சிவப்புத் துணி கிடைக்காமல் போலும், கிழிந்த அரிசிச் சாக்கைக் கட்டியிருந்தார்கள். தார் தேய்ந்து தானாக உருவான குழி அன்று அது. பாதாளச் சாக்கடைக் குழாய்க்காகச் சாலையின் குறுக்கே வெட்டி மூடிய கோட்டின் மேல் அது இருக்கிறது. வெட்டிய மண்ணை அடுக்கடுக்காகப் போட்டு, ஒவ்வோர் அடுக்கையும் இடித்து இறுக்காமல், ஒரேயடியாகத் தள்ளி மேலே தாரை ஊற்றிவிட்டால் முதல் மழையிலேயே மண் உட்காரும். அப்போது வெட்டுப்படாத பழைய தார், அரிந்து வைத்ததுபோல் நேர்க்கோட்டில், கூர்மையாக நின்றுவிடுகிறது. ரிம்மை வளைத்தது ஆழத்தைவிட அந்தக் கூர்விளிம்புதான்.

அந்தக் குழி குறித்து இணையவழியில் நான் பதிந்த புகார் ஐந்தாம் நாள் "சரிசெய்யப்பட்டது" என்று முடித்துவைக்கப்பட்டது. சான்றாக இணைத்திருந்த புகைப்படத்தில் செங்கல் உடைசலும் ஈரமண்ணும் கொட்டி நிரப்பிய அதே குழி இருந்தது. அடுத்த வாரத்து மழையில் மண் கரைந்து, செங்கல் துண்டுகள் சாலையெங்கும் சிதறின. இப்போது பள்ளத்துக்கு விலகும் இருசக்கர வாகனங்கள் செங்கலில் ஏறுகின்றன. சேதமான தாரை நேர்ப்பக்கங்களுடன் சதுரமாக வெட்டியெடுத்து, நீரையும் தூசியையும் அகற்றி, ஒட்டுவதற்குத் தார்ப்பால் தெளித்து, கலவையை அடுக்குகளாக இட்டு இறுக்க வேண்டும் என்பதை உங்கள் பொறியாளர்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. மழைக்காலத்திலும் பயன்படும் ஆயத்தக் கலவைக்கு இந்தியச் சாலைப் பேராயம் 2014ஆம் ஆண்டிலேயே தரநிலை வகுத்திருக்கிறது. ஆகவே "மழை விடட்டும்" என்ற பதிலும் முழுமையானதன்று. சாலை யாருடையது என்று கேட்டதற்கு மாநகராட்சி நெடுஞ்சாலைத் துறையைக் கைகாட்டியது, அத்துறை குழாய் பதித்தவர்களைக் கைகாட்டியது. அந்தக் கதையை நீட்ட விரும்பவில்லை.

எனக்கு ஆன செலவைச் சொல்கிறேன். அலாய் ரிம் 8,200 ரூபாய், டயர் 5,800 ரூபாய், அலைன்மென்ட், பேலன்சிங் இரண்டுக்கும் 900 ரூபாய். ஆக 14,900 ரூபாய். இரும்பு ரிம்மாக இருந்தால் தட்டி நிமிர்த்தியிருக்கலாம். அலாயைத் தட்டினால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விடும் என்று கடைக்காரரே மறுத்துவிட்டார். "காப்பீடு இருக்கிறதே" என்று சொல்பவர்கள் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். டயர் மட்டும் சேதமானால் வழக்கமான காப்பீட்டில் ஒன்றும் கிடையாது. வாகனத்தின் வேறு பகுதியும் சேர்ந்து சேதமானால்தான் டயர் விலையில் பாதி கிடைக்கும். நாலரை வயதான என் காரின் உலோகப் பாகங்களுக்கு 35 விழுக்காடு தேய்மானம் கழிக்கப்படும். அதற்கும் மேல் 1,000 ரூபாய் கட்டாயப் பிடித்தம். எல்லாம் போக எனக்கு வரக்கூடியது 7,230 ரூபாய். அதைக் கேட்டு வாங்கினால், நான்கு ஆண்டுகள் இழப்பீடு கோராததால் பிரீமியத்தில் கிடைத்துவரும் 45 விழுக்காடு தள்ளுபடி, அதாவது போனஸ், பூச்சியமாகிவிடும். சொந்தச் சேதத்துக்கான முழுப் பிரீமியம் ஆண்டுக்கு 9,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், போனஸ் பூச்சியத்திலிருந்து தொடங்கி அதன் உச்சமான 50 விழுக்காட்டுக்கு ஏறும்வரை நான் கூடுதலாகக் கட்ட வேண்டியது 11,250 ரூபாய். எனவே என்னைப் போன்றவர்கள் கோருவதில்லை. கோராததால் அந்தப் பள்ளம் எந்தக் கோப்பிலும் பதிவாவதில்லை.

இங்கேதான் சட்டத்திலும் ஓர் இடைவெளி இருக்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்ந்த 198ஏ பிரிவு, தரநிலைப்படி சாலையைப் பராமரிக்கத் தவறிய பொறுப்பு அமைப்புக்கோ ஒப்பந்தக்காரருக்கோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. ஆனால் உயிர் போயிருக்க வேண்டும், அல்லது ஊனம் ஏற்பட்டிருக்க வேண்டும். 2025 அக்டோபரில் மும்பை உயர் நீதிமன்றம், பள்ளத்தால் இறந்தவரின் குடும்பத்துக்கு 6 லட்சம் ரூபாயும், காயமடைந்தவருக்கு 50,000 முதல் 2.5 லட்சம் ரூபாய் வரையும் இழப்பீடு வழங்க வேண்டும் என்று உத்தரவிட்டது. தேவையான உத்தரவுதான். ஆனாலும் எல்லாமே ரத்தம் சிந்திய பிறகு தொடங்குகின்றன. இங்கிலாந்தில் சக்கரம் வளைந்தவரும் சாலையைப் பராமரிக்கும் உள்ளாட்சியிடம் இழப்பீடு கோரலாம்; 1980ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டத்தின் 58ஆம் பிரிவின்படி, தான் நியாயமான கவனத்துடன் சாலையைப் பராமரித்து வந்ததை மெய்ப்பித்தால் உள்ளாட்சி தப்பித்துக்கொள்ளலாம். கோருபவர்கள் எல்லாருக்கும் அங்கே பணம் கிடைத்துவிடுவதில்லை. ஆனால் தப்பிப்பதற்காகவாவது, எந்தச் சாலையை எந்தத் தேதியில் யார் பார்த்தார்கள் என்ற பதிவேட்டை வைத்திருக்க வேண்டியிருக்கிறது. எனக்குப் பிடித்தது அந்தக் கட்டாயம்தான்.

ஆகவே நான் வேண்டுவது, பள்ளத்தால் ஏற்படும் வாகனச் சேதத்தை மாநகராட்சி எழுத்தில் பெற்றுக்கொள்ள ஒரு படிவம். இடம், தேதி, பள்ளத்தின் படம், பில் ஆகியவற்றை இணைத்துக் கொடுத்தால் ஒப்புகை எண் தர வேண்டும். சாலை வேறு துறையினுடையது என்றால் அதை அனுப்பிவைக்கும் வேலை உங்களுடையதாக இருக்க வேண்டும், என்னுடையதாக அன்று. குழாய்க்காக வெட்டி மூடிய இடம் ஒப்பந்தக்காரரின் பொறுப்புக் காலத்துக்குள், அதாவது குறை வந்தால் அவரே சரிசெய்ய வேண்டிய காலத்துக்குள், இடிந்தால், அவரது வைப்புத்தொகையிலிருந்து சாலையைச் செப்பனிடுவதுடன் மெய்ப்பிக்கப்பட்ட சேதத்தையும் ஈடுசெய்ய, இனிப் போடும் ஒப்பந்தங்களில் ஒரு வரி சேர்க்கலாம். அந்த ஒப்பந்தக்காரரின் பொறுப்புக் காலம் எப்போது முடிகிறது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டிக் கேட்டிருக்கிறேன்; 30 நாள்களுக்குள் பதில் வர வேண்டும். வெட்டிய இடத்திலேயே ஒரு பலகையில் எழுதி வைத்திருந்தால் அந்த மனுவும் தேவைப்பட்டிருக்காது. மேலும், மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை உங்கள் வார்டுப் பொறியாளர் பஞ்சர் கடைகளுக்குப் போய், எந்தக் குழியிலிருந்து வண்டிகள் வருகின்றன என்று கேட்டு எழுதிக்கொண்டு வரட்டும். செலவில்லாத கணக்கெடுப்பு அது. கார் வைத்திருப்பவனுக்கு அந்தக் குழியில் ரிம் போனது. அதே இருட்டில் அதே வேகத்தில் ஸ்கூட்டரில் வருபவரை ஐந்தாவது ஆள் என்று யாரும் எண்ணிக்கொண்டிருக்கப் போவதில்லை.

வளைந்த ரிம்மும் புடைத்த டயரும் என் வீட்டு மாடிப்படிக்குக் கீழே இருக்கின்றன. பில்களின் நகல்களையும் மறுநாள் எடுத்த அளவுகளையும் இத்துடன் இணைத்துள்ளேன். உங்கள் பொறியாளர் நேரில் பார்க்க விரும்பினால் எந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலும் வரலாம். பள்ளத்தையும் நானே கூட்டிச்சென்று காட்டுகிறேன். வேப்பங்கிளை காய்ந்து சாய்ந்துவிட்டது, சாக்கு மட்டும் கிடக்கிறது.

இப்படிக்கு,
ரயில்வே கேட் சாலையை நாள்தோறும் பயன்படுத்தும் ஒரு குடியிருப்பாளன்