மை படாத தாளுக்கு நன்றி

அன்புடையீர்,

காட்சியகத்துக்குள் வெள்ளம் புகுந்த கதை ஊருக்கே தெரியும். மறுபடி எழுதவில்லை. அங்கிருந்த பழைய கப்பல் பயண டிரங்குப் பெட்டிகள் பிழைத்துவிட்டன; அதற்கு நன்றி சொல்லத்தான் இந்த மடல்.

முதல் நன்றி, பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட அச்சகத்தாருக்கு. அவர் அனுப்பியது ஒரு ஆட்டோ நிறைய மிச்ச ரீல். அதாவது, அச்சுக்குப் போகாமல் உருளையின் அடியில் மிஞ்சும் வெள்ளைத் தாள். எடைக்குப் போட்டால் சொற்பக் காசுதான். நனைந்த பெட்டிக்கு அன்றைக்கு அதைவிட நல்ல மருந்து இல்லை.

காரணம் இது. பெட்டியின் உடம்பு மரப்பலகை. மேலே வச்சிரப் பசையால் (விலங்குத் தோல், எலும்பைக் காய்ச்சி எடுக்கும் பசை) ஒட்டிய கித்தான் அல்லது தோல். உள்ளே துணியோ தாளோ ஒட்டிய உறை. வெயிலில் வைத்தால் மேல்தோல் முந்திக் காய்ந்து சுருங்கும், அடியிலுள்ள மரம் ஈரமாகவே இருக்கும். தையல் பிய்யும், பலகை வளையும். ஈரத்தோலில் சூடு பட்டால் விறைத்துவிடும். பிறகு எந்த எண்ணெய்க்கும் இளகாது. அப்படியே விட்டாலோ இரண்டு மூன்று நாளில் பூஞ்சணம். ஆகவே நிழலில், மூடியைத் திறந்து, மின்விசிறிக் காற்று நேரே படாமல், உள்ளே தாளைக் கசக்கி வைத்து ஈரத்தை உறிஞ்சவிட வேண்டும். முதல் நாள் மூன்று மணிக்கொரு தரம் தாள் மாற்றினோம், அப்புறம் காலையும் மாலையும். படித்துப்போட்ட செய்தித்தாள் இதற்கு ஆகாது. மை உறையில் இறங்கினால் கறை போகாது. தாளை இறுக்கித் திணிப்பதும் தவறு. பசை ஊறியிருக்கும்போது மூலைகள் பிதுங்கிவிடும்.

பெரிய கவலை, பெட்டிகள்மேல் ஒட்டியிருந்த பயணக் காலத்துச் சீட்டுகள். 1926இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன பெட்டிகள் இவற்றில் உண்டு. 'பயணத்தில் தேவைப்படாது' என்று ஆங்கிலத்தில் அச்சிட்ட சீட்டு ஒட்டியிருந்தால் அது சரக்கறைக்குப் போன பெட்டி. அந்தச் சீட்டின் பசை நீரில் இளகும். உரிக்க முயலாமல், மேலே பாலியெஸ்டர் மெல்துணி, அதன்மேல் அதே வெள்ளைத் தாள், அதன்மேல் லேசான கனம் வைத்தோம். கையெழுத்து மை கசிந்த இடங்களில் ஒற்றியதோடு சரி, துடைக்கவில்லை.

மோட்டார் வைத்து நீர் இறைத்தவர்கள், ஈரக் காகிதக் கட்டுகளை மீன் கிடங்கின் உறைகுளிரில் வாங்கி வைத்துக்கொண்டவர், துருவேறிய பூட்டுகளை நெம்பாமல் பொறுமையாகத் திறந்து தந்த பூட்டுக்காரர், கைப்பிடியைத் தொடாமல் அடியில் கைகொடுத்துப் பெட்டிகளைத் தூக்கிய மாணவர்கள் (நனைந்த தோல் கைப்பிடி கையோடு வந்துவிடும்) எல்லோருக்கும் நன்றி.

கடல் தாண்டவே செய்த பெட்டிகள்தாம். ஆனால் அவை தாங்குவது மேலே தெறிக்கும் நீரை. அடிப்பலகை இடுக்கில் ஏறும் நீரை அல்ல. இனி எந்தப் பெட்டியும் தரையிலிருந்து ஒன்றரை அடிக்குக் கீழே இருக்காது. மை படாத தாள் ஒரு ரீலாவது எப்போதும் அலமாரியில் இருக்கும்.

அச்சகத்தாருக்கு ஒரு செய்தி: ரீலுக்குள் இருந்த அட்டைக் குழல்களைத் திருப்பித் தர முடியாது. அளவாக அறுத்து மூடிகளுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறோம், கீலில் பாரம் விழாமல் இருக்க. பெட்டிகள் முழுக்கக் காய இன்னும் சில வாரம் ஆகும்.