இரண்டாவது பூச்சு

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். டர்பனில் மழை விட்டு நல்ல வெயில். அம்மாவின் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. வீட்டுச் செய்தியெல்லாம் அவளே வாட்ஸ்அப்பில் சொல்லிவிடுகிறாள், அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

சிட்னி டெய்லர் ஸ்கொயரில், தன்பாலினத்தாரின் வானவில் நிறங்களைப் பூசிய ரோட்டு கிராசிங்கில் நீயும் உன் துணைவனும் நிற்கிற போட்டோ வந்தது. கூடவே உன் கேள்வியும்: "இது கவுன்சில் காட்டும் பவுசு, வெறும் பெயிண்ட் என்று இங்கே சிலர் சொல்கிறார்கள். ரோட்டுக்குப் பெயிண்ட் அடித்தவர் நீங்கள், என்ன நினைக்கிறீர்கள்?" கட்டைவிரலால் தட்டிப் பதில் சொல்கிற கேள்வியா இது? சனிக்கிழமை தோறும் உன்னைக் கோவில் தமிழ்ப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனது இன்றைக்காவது உதவட்டும், நிதானமாகப் படி.

முதலில் தொழில் பேச்சு. போட்டோவைப் பெரிதாக்கி ரோட்டைத்தான் முதலில் பார்த்தேன், உங்கள் முகத்தை அப்புறம். கோபித்துக்கொள்ளாதே, முப்பது வருஷப் பழக்கம். நாங்கள் இரண்டு விதமாகக் கோடு போடுவோம். ஒன்று சாதாரண ரோட்டுப் பெயிண்ட். இன்னொன்று தெர்மோபிளாஸ்டிக்: பொடியை 200 டிகிரி பக்கத்தில் உருக்கி, கூழ் பதத்தில் இறக்கி, சூடு ஆறுவதற்குள் மேலே கண்ணாடி மணியைத் தூவ வேண்டும். ராத்திரியில் கார் வெளிச்சம் பட்டதும் கோடு மினுங்குவது அந்த மணியால்தான். கொஞ்சம் தாமதித்தால் மணி ஒட்டாது, அத்தனையும் வாய்க்காலுக்குப் போகும்.

எதைப் போட்டாலும் நேராகப் போகிற வண்டி அவ்வளவாகத் தேய்க்காது, திரும்புகிற டயர்தான் அரைத்துவிடும். சந்திப்பில் போட்ட கோட்டுக்கு ஆயுசு குறைவு. நிறத்திலும் வித்தியாசம் உண்டு. நம் ஊரில் வண்டி நிறுத்தக் கூடாத இடத்தில் சிவப்புக் கோடு போடுகிறோமே, பக்கத்து வெள்ளை நன்றாக இருக்கும்போதே அது வெளிறிப்போகும். உங்கள் கிராசிங்கில் ஆறு நிறம். ஆறும் ஒன்றுபோல வயசாகாது, யாராவது கண் வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். முதல் பூச்சுக்கு எந்த ஊரும் காசு கொடுக்கும். மேயர் வருவார், கேமரா வரும். இரண்டாவது பூச்சுக்கு வருகிறவர்கள் நாலு தொழிலாளிகளும் ஒரு லாரியும் பத்துக் கூம்பும்தான், அதுவும் விடியாத நேரத்தில். அந்தச் செலவு பட்ஜெட்டில் வருஷா வருஷம் இருக்கிறதா என்று உன் நண்பர்களைப் பார்க்கச் சொல். இருந்தால் அது பவுசு இல்லை. இல்லையென்றால் அவர்கள் சொல்வது சரி.

உன் ஊர் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. 2013இல், தன்பாலினத்தார் வருஷா வருஷம் நடத்தும் மார்டி கிரா ஊர்வலத்தின் 35ஆம் வருஷத்துக்காக ஆக்ஸ்ஃபோர்ட் ஸ்ட்ரீட்டில் நகர கவுன்சில் வானவில் போட்டது. ஏப்ரலில் மாநில அரசு ஒரே ராத்திரியில் அதைச் சுரண்டி எடுத்துவிட்டது. ஜனங்கள் நடு ரோட்டில் படுத்துப் போட்டோ எடுக்கிறார்கள், ஆபத்து என்று காரணம் சொன்னார்கள். அந்தக் காரணத்தை நான் ஒரேயடியாகத் தள்ளமாட்டேன். மழையில் பெயிண்ட் மேல் மோட்டார்சைக்கிள் வழுக்கி விழுவதைக் கண்ணால் பார்த்தவன். ஆனால் வழுக்கினால் மணல் கலந்து போடலாம், இடம் சரியில்லை என்றால் தள்ளிப் போடலாம். 2019இல் அதைத்தானே செய்தார்கள்? ஆக்ஸ்ஃபோர்ட் ஸ்ட்ரீட் நெரிசலை விட்டு, காம்ப்பெல் ஸ்ட்ரீட்டும் பர்க் ஸ்ட்ரீட்டும் சேரும் இடத்துக்குக் கொண்டுபோனார்கள். இந்தச் சின்னப் புத்தி வருவதற்கு ஆறு வருஷம்.

நடுவில் நடந்ததுதான் எனக்குப் பிடித்தது. அரசு அழித்ததும் ஜனங்கள் சாக்பீஸை எடுத்துக்கொண்டு தங்கள் தெருவிலேயே வானவில் வரைய ஆரம்பித்தார்கள். அது மற்ற ஊர்களுக்கும், வெளிநாட்டுக்கும் பரவியது. மழை பெய்தால் போய்விடும் என்று தெரிந்தேதான் வரைந்தார்கள். சம்பளம் இல்லாமல் ரோட்டில் மண்டி போட்ட ஆளை என் தொழிலில் நான் பார்த்ததே இல்லை. நீங்கள் நிற்கிற கிராசிங்கைக் கவுன்சில் போட்டிருக்கலாம், கேட்டு வாங்கியவர்கள் அந்த ஜனங்கள்.

உன் ஊரில் எல்லாம் தெருவில் தொடங்கியது. 1978 ஜூன் 24 ராத்திரி முதல் மார்டி கிரா ஊர்வலம் போனவர்களில் 53 பேரைப் பிடித்து அடைத்தார்கள். அன்றைக்கு அடைத்து வைத்த டார்லிங்ஹர்ஸ்ட் போலீஸ் ஸ்டேஷன் 2024 முதல் அவர்கள் வரலாற்றைச் சொல்லும் மியூசியம். தன்பாலினத்தார் கல்யாணச் சட்டம் 2017 டிசம்பரில்தான் வந்தது. நம் தென்னாப்பிரிக்காவில் நேர் எதிர். 1996 அரசியல் சாசனத்திலேயே, யாரை நேசிக்கிறாய் என்பதை வைத்துப் பாகுபாடு கூடாது என்று எழுதியாகிவிட்டது. 1998இல் அரசியல் சாசன நீதிமன்றம், ஆணும் ஆணும் உறவு வைப்பதைக் குற்றமாக்கிய பழைய சட்டத்தைத் தூக்கி எறிந்தது. 2006 நவம்பரில் கல்யாணம், உலகத்தில் ஐந்தாவது நாடு. இந்த விஷயத்தில் ஆஸ்திரேலியாவுக்கு நாம் பதினொரு வருஷம் மூத்தவர்கள்! இங்கும் தெருவில் நடந்தவர்கள் உண்டு. 1990இல் போராளி சைமன் என்கோலியும் அவர் கூட்டாளிகளும் ஜொஹானஸ்பர்க்கில் முதல் ஊர்வலம் நடத்தியபோது, முகம் தெரிந்தால் வேலை போய்விடும் என்று சிலர் தலையில் காகிதப் பையை மாட்டிக்கொண்டு நடந்தார்கள். ஆனாலும் டர்பனில் நம் இந்தியர் பகுதியான சாட்ஸ்வொர்த் தெருக்களுக்கு முன்னால் சட்டப் புத்தகத்துக்குத்தான் மாற்றம் வந்தது.

புத்தகத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. எண்பதுகளில் எங்கள் ரோட்டு வேலை கேங்கில் லாரி ஓட்டிய பெரியவர் ஒருவர் இருந்தார். நல்ல மனுஷன், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அவரும் இன்னொருத்தரும் ஒரே வீட்டில் வெகு காலம் இருந்தார்கள். மதியச் சாப்பாட்டை அந்த இன்னொருத்தர்தான் அடுக்கில் கொண்டுவருவார், எங்களுக்கும் சேர்த்து. நாங்கள் யாரும் எதுவும் கேட்டதில்லை. 1969இல் போட்ட ஒரு பிரிவின்படி, இரண்டு பேருக்கு மேல் இருக்கிற இடத்தில் இரண்டு ஆண்கள் நெருக்கமாக இருந்தாலே குற்றம், அப்படிப்பட்ட காலம். ஒரு நாள் அந்த நண்பர் இறந்துபோனார். பெரியவர் லீவுக்கு விண்ணப்பம் வாங்கினார். "இறந்தவர் உங்களுக்கு என்ன உறவு" என்று அதில் ஒரு கட்டம். பேனாவைப் பிடித்துக்கொண்டு லாரியின் பானெட் மேல் காகிதத்தை வைத்து ரொம்ப நேரம் நின்றார். கடைசியில் "வாடகைக்காரர்" என்று எழுதினார். வாடகைக்காரர் இறந்தால் லீவு கிடையாது. அன்றைக்கு மத்தியானம் லாரியை அவரேதான் ஓட்டினார்.

இன்றைக்கு அந்தக் கட்டத்தை நிரப்பச் சொல் இருக்கிறது. அதைக் கொடுத்தது பெயிண்ட் இல்லை, சட்டம். ஆனால் சட்டம் தெருவுக்கு இறங்கி வருவதில்லை. கல்யாணச் சட்டம் வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, 2008இல் ஜொஹானஸ்பர்க் பக்கத்து க்வாதீமாவில் யூடி சிமெலானேயைக் கொன்று போட்டார்கள். நாட்டுக்காகக் கால்பந்து ஆடிய பெண், லெஸ்பியன் என்று ஒளிக்காமல் வாழ்ந்தவள். நம்ம பக்கத்து உம்லாசியில் பிறந்த ஸனேலே முஹோலி வருஷக்கணக்காக அப்படிப்பட்ட பெண்களின் முகங்களைப் போட்டோ எடுத்துவருகிறாரே, அதுவும் இதனால்தான். முகம் தெரிய வேண்டும், பக்கத்து வீட்டுக்காரன் கண்ணில் பட வேண்டும். ரோட்டில் வானவில் போடுவதையும் நான் அந்தக் கணக்கில்தான் வைக்கிறேன். அரசியல் சாசனத்தை நம் தெருவில் எத்தனை பேர் படித்திருப்பார்கள்? ஆனால் ரோபோட்டில் (அதாவது சிக்னலில்) பச்சை விழுந்ததும் எல்லாரும் ரோட்டைக் கடந்துதானே ஆக வேண்டும்.

அதனால் டர்பனில் போடுவதென்றால் எங்கே போடுவேன் தெரியுமா? ஃப்ளோரிடா ரோட்டில் இல்லை. அங்கே காபி குடிக்க வருகிறவனுக்கு இது புதுசு இல்லை. வார்விக் ஜங்ஷன் மேம்பாலத் தூண்களில் 2014இல் மார்க்கெட்டில் வேலை செய்கிற சாதாரண ஜனங்களின் முகங்களை ஆளுயரத்துக்கு மேல் வரைந்தார்களே, அந்த மாதிரி எல்லாரும் போகிற இடமாக வேண்டும். ஆர்.கே. கான் ஆஸ்பத்திரி வாசலில் போடுவேன். சாட்ஸ்வொர்த்தில் பிறப்பு, இழவு, காய்ச்சல் எதுவானாலும் அங்கே போகாத குடும்பம் உண்டா? டாக்ஸிகள் திரும்பித் திரும்பி ஆறு மாதத்தில் அரைத்துவிடும்தான். அரைக்கட்டும், திரும்பப் போடலாம். என் பழைய கேங்கில் இன்னும் மூன்று பேருக்கு முதுகு வளையும்.

சரி, ஈஸ்டருக்கு வருகிறோம் என்று எழுதியிருக்கிறாய். இருவரும் வருவது எங்களுக்குச் சந்தோஷம். உன் பெரியம்மா இன்னும் அவனை "ரூம்மேட்" என்றுதான் சொல்கிறார். நான் "மருமகன்" என்று திருத்துகிறேன், அவர் டீயைக் குடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்க்கிறார். பெரியப்பா பேசமாட்டார், ஆனால் ஏர்போர்ட்டுக்குக் கார் எடுத்துக்கொண்டு வருவதாக அவரே சொன்னார். அவரிடம் அதற்கு மேல் எதிர்பார்க்காதே. கோவிலில் யாராவது இவன் யார் என்று கேட்டால் நானே பதில் சொல்லிக்கொள்கிறேன், நீ முந்திக்கொள்ள வேண்டாம்.

உம்பிலோ கோவில் தீமிதிக்கு நான் காப்புக் கட்டுகிறேன், ஆகவே விரதம் முடியும் வரை வீட்டில் மரக்கறிதான். அவனுக்கு அது ஒத்துவருமா, அல்லது வெளியே பன்னி சௌ (ரொட்டிக்குள் கறிக்குழம்பு) வாங்கித் தரட்டுமா என்று அம்மா கேட்கச் சொன்னாள். பதிலை அவளுக்கே அனுப்பு. விமான நேரத்தை எனக்கு அனுப்பு, பெரியப்பாவுக்குச் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
அப்பா