எங்கள் கொல்லை மண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள்

எங்கள் மாவட்ட மண் பரிசோதனை நிலைய அதிகாரிகளுக்கு வணக்கம்.

போன வாரம் எங்கள் தெரு அம்மா ஒருவர் தன் கொல்லை மண்ணைப் பரிசோதனைக்கு எடுத்துக்கொண்டு உங்களிடம் வந்தார். நீங்கள் கொடுக்கும் துண்டறிக்கையில் உள்ளபடியே எல்லாம் செய்திருந்தார். எருக்குழி ஓரத்தையும் மரத்தடியையும் விட்டுவிட்டு, சருகை ஒதுக்கி, ‘வி’ வடிவத்தில் 15 செ.மீ. ஆழத்துக்கு வெட்டி, பல இடத்து மண்ணைக் கலந்து, நாலாகப் பிரித்து எதிரெதிர்ப் பங்குகளைத் தள்ளி, அரைக் கிலோவுக்குக் கொண்டுவந்து, நிழலில் உலர்த்தித் துணிப்பையில் கட்டியிருந்தார். உங்கள் ஊழியர் கேட்டது, “சர்வே நம்பர்?” மனைக்கும் சர்வே நம்பர் உண்டு, பத்திரத்தைப் பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். “என்ன பயிர்?” கத்திரி, வெண்டை, ரெண்டு வாழை, ஒரு கறிவேப்பிலை. படிவத்தில் ஒரு பயிர்தான் போட முடியுமாம். வீட்டுத் தோட்டத்துக்கெல்லாம் பார்ப்பதில்லை என்று பை திரும்பி வந்துவிட்டது. பஸ் மாறி மாறி வந்தவர் அதே மண்ணைச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போனார். முடிச்சைக்கூட அவிழ்த்துப் பார்க்கவில்லை என்பதுதான் அவருக்கு ஆறவில்லை.

அவர் தோட்டத்தில் கத்திரியின் இளம் இலைகள் மஞ்சளாகின்றன, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது. இரும்புச்சத்து போதவில்லை என்று நீங்கள் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவீர்கள். ஏன் போதவில்லை? மண் காரமாக இருந்தாலும் இப்படி ஆகும். வருடக்கணக்காக மக்கிய உரமும் கோழி எருவும் கொட்டி மணிச்சத்து (பாஸ்பரஸ்) அளவுக்கு மீறிச் சேர்ந்திருந்தாலும் இரும்பும் துத்தநாகமும் ஏறாமல் போகலாம். கண்ணால் பார்த்து எது என்று சொல்ல முடியாது. மக்கிய உரம்தானே, எவ்வளவு போட்டாலும் கெடுதல் இல்லை என்றுதான் எங்களில் பாதிப் பேர் நினைக்கிறோம். செடி மஞ்சளானால் இன்னும் ரெண்டு கூடை கொட்டுகிறோம். உரத்தை நிறுத்துவதா, கூட்டுவதா என்று சொல்ல உங்கள் நிலையத்தை விட்டால் எங்களுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? அதனால்தான் கேட்கிறோம், வீட்டுத் தோட்டத்து மண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

முன்பு ஒருமுறை எங்கள் நண்பர் ஒருவரின் மண்ணை வாங்கினீர்கள். மகிழ்ச்சி. வந்த அட்டையில் நெல்லுக்கு ஹெக்டேருக்கு இத்தனை கிலோ தழைச்சத்து, இத்தனை கிலோ மணிச்சத்து என்று இருந்தது. அவருடைய இடம் ரெண்டு சென்ட். நாற்று நடத்தான் இன்னும் ஆள் அமையவில்லை.

மண்வள அட்டைத் திட்டம் 2015இல் வந்தது. கார அமில நிலையில் தொடங்கி போரான் வரை 12 விவரம் பார்த்துச் சொல்கிற நல்ல திட்டம். இன்னொரு பக்கம், மாடித்தோட்டத்துக்குப் பையும் தென்னை நார்க்கழிவும் விதையும் மானிய விலையில் கிடைக்கின்றன. குப்பையைப் பிரித்து உரமாக்கச் சொல்லி வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டே வருகிறது. டிசம்பர் 5 உலக மண் நாள் வந்தால் பேனர், மரக்கன்று, போட்டோ எல்லாம் தடபுடலாக நடக்கும். இத்தனையும் செய்துவிட்டு, அந்தப் பைக்குள் இருக்கும் மண்ணைப் பார் என்றால் மட்டும் படிவத்தில் இடமில்லை. யார் யாருக்காகப் போட்ட படிவமோ!

சரி, கேட்க வந்ததை விட்டு எங்கேயோ போய்விட்டேன். உங்களிடம் ஆள் பற்றாக்குறை என்று தெரியும். விவசாயிகளின் மாதிரிகளை முடித்துவிட்டு, மாதத்தில் ஒரு நாள் ஒதுக்கினால் போதும். கட்டணம் எவ்வளவோ கட்டுகிறோம். பன்னிரண்டும் முடியாவிட்டால் கார அமில நிலை, உப்பின் அளவு, அங்ககக் கரிமம் (மக்கிய பொருளின் அளவைக் காட்டுவது), மணிச்சத்து, சாம்பல் சத்து இவற்றையாவது பார்த்துச் சொல்லுங்கள். நார்க்கழிவு கலந்த தொட்டிக் கலவைக்குப் பரிசோதனை முறை வேறு என்றால் அது நியாயம்தான், தரை மண்ணை மட்டும் கொண்டுவருகிறோம். பரிந்துரையை ஹெக்டேர் கணக்கிலேயே கொடுத்தாலும் சரி, 10 கிலோ என்றால் சதுர மீட்டருக்கு 1 கிராம் என்று நாங்களே போட்டுக்கொள்வோம். பயிர் மட்டும் நெல்லாக இல்லாமல் காய்கறியாக இருக்கட்டும்.

வீட்டுத் தோட்டத்து மண்ணை வாங்கிக்கொள்ளும்படி மறுபடியும் பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். முடியாது என்றால் அதையே எழுத்தில் கொடுங்கள். எங்கே கொண்டுபோக வேண்டும் என்பதையும் அதிலேயே ஒரு வரி சேர்த்துவிட்டால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தெருவின் வீட்டுத் தோட்டக்காரர்கள் சார்பில்,
கொல்லையில் காய் போடும் ஒருவன்