‘தர்ம அடி’ என்ற சொல்லைக் கைவிடுங்கள்: செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தமிழ் நாளிதழ், தொலைக்காட்சி, இணையச் செய்தி ஆசிரியர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் ஒரே நாளில் மூன்று செய்திகளில் ‘தர்ம அடி’ என்ற சொல்லைப் படித்தேன். மூன்றிலும் அடித்தவர்கள் ‘பொதுமக்கள்’, அடிபட்டவர் ‘ஆசாமி’. மூன்றும் ‘பின்னர் போலீசாரிடம் ஒப்படைத்தனர்’ என்றே முடிந்தன. இந்த வாய்பாடு எப்படி உருவாகிறது என்பதை என்னைவிட நீங்கள் நன்கு அறிவீர்கள் என்பதால் அதை விளக்கப் போவதில்லை. அந்தச் சொல்லைச் செய்தியில் எழுதுவதை நிறுத்துங்கள் என்று கேட்கவே இந்த மடலை எழுதுகிறேன்.

நானும் இப்படிப்பட்ட செய்திகளைச் சிரித்தபடி படித்தவன்தான். என் அக்காள் மகன் அடிவாங்கிய பிறகுதான் அந்தச் சிரிப்பு நின்றது. வாகன நிறுத்தத்தில், தன்னுடையதைப் போலவே நிறமும் வடிவமும் கொண்ட வேறொருவரின் பைக்கில் அவன் சாவியை நுழைத்துவிட்டான். உரிமையாளர் ‘திருடன்’ என்று கத்தியதும் சுற்றி நின்றவர்கள் அவனைத் தூணில் சாய்த்து அடித்தார்கள். நான்கு வரிசை தள்ளி அவனுடைய பைக் நின்றுகொண்டிருந்ததைக் காவலர்கள் வந்துதான் பார்த்தார்கள். அன்றிரவே அவனை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆனால் மறுநாள் காலை ஒரு நாளிதழில் ‘பைக் திருடனுக்குத் தர்ம அடி’ என்று, முகம் தெரியும் படத்தோடு செய்தி வந்திருந்தது. இடது காதின் செவிப்பறை கிழிந்ததற்கு மருத்துவம் பார்த்தோம்; அந்தத் தலைப்புக்குப் பார்க்க மருத்துவம் இல்லை. மறுப்புச் செய்தி கேட்டு நான் எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் இன்றுவரை பதில் வரவில்லை. ஐந்தாம் வகுப்பு வரை படித்த என் அக்காள் அந்தத் தலைப்பை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, “தர்மம்னு போட்டிருக்காங்களே தம்பி, அப்ப அடிச்சவங்க செஞ்சது சரின்னு ஆயிடுச்சா?” என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கேள்வியைத்தான் இப்போது உங்களிடம் அனுப்புகிறேன்.

அந்தச் சொல்லையே சற்று உற்றுப் பாருங்கள். தர்ம சத்திரம், தர்ம ஆஸ்பத்திரி என்பவற்றில் ‘தர்ம’ என்பது காசு வாங்காமல் கொடுப்பதைக் குறிக்கும். ‘தர்ம அடி’யிலும் அந்த இலவசப் பொருள்தான் கேலியாக வந்து ஒட்டியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்: யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம், கணக்கில்லை. ஆனால் அச்சில் படிப்பவர் கண்ணுக்கு அறம் என்ற மற்றொரு பொருளும் உடன் தெரிகிறது. கேலிக்குப் பிறந்த சொல் இப்படித்தான் நற்சான்றிதழாகிவிடுகிறது.

குற்றத்துக்கு எதிர்வினை செய்வதைச் சொல்லத் தமிழில் சொற்பஞ்சம் இல்லை. கண்டிப்பது சொல்லால், தண்டிப்பது அதிகாரம் பெற்றவர் செயலால், பழிவாங்குவது பாதிக்கப்பட்டவரின் கோபத்தால். வடமொழியில் குற்றத்தையே குறித்த ‘அபராதம்’ நம்மிடம் வந்து குற்றத்துக்குக் கட்டும் பணமாயிற்று. அங்கே கல்வியைக் குறித்த ‘சிட்சை’ இங்கே தண்டனையாயிற்று. கோலைக் குறித்த ‘தண்டம்’ தண்டனையாகி, கட்டும் தொகையாகி, இன்று வீண் செலவுக்கும் பெயராக நிற்கிறது. ‘ஒறுத்தல்’ பிறரைத் தண்டிப்பதற்கும் தன்னைத்தானே அடக்கிக்கொள்வதற்கும் பொதுவான சொல். கிறித்தவர்கள் தவக்காலத்தில் ‘ஒறுத்தல் முயற்சி’ என்பது இந்த இரண்டாம் பொருளில்தான்.

‘தக்காங்கு நாடித் தலைச்செல்லா வண்ணத்தால் ஒத்தாங்கு ஒறுப்பது வேந்து’ என்கிறது 561ஆம் குறள். நாட வேண்டும், அதாவது நடந்ததை ஆராய வேண்டும். குற்றம் மீண்டும் நிகழாதபடி இருக்க வேண்டும். குற்றத்தின் அளவுக்கு ஒத்திருக்க வேண்டும். செய்பவர் அதற்குரிய பொறுப்பில் இருக்க வேண்டும். ஏழே சீர்களில் இத்தனை நிபந்தனைகள். அதே அதிகாரத்தின் 567ஆம் குறள், அளவு மீறியதைக் ‘கையிகந்த தண்டம்’ என்று பெயர் சொல்லியே பழிக்கிறது. அரசனுக்கே கொடுக்காத உரிமையை வாகன நிறுத்தத்தில் நிற்பவர்களுக்கு நீங்கள் ஒரு தலைப்பில் கொடுத்துவிடுகிறீர்கள்.

இன்றைய சட்டமும் அதைக் கொடுக்கவில்லை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40ஆம் பிரிவு, தம் கண்முன் கடுங்குற்றம் செய்பவரைப் பொதுமக்கள் பிடிக்கலாம் என்றும், ஆறு மணி நேரத்துக்குள் காவல்துறையிடம் ஒப்படைக்க வேண்டும் என்றும் சொல்கிறது. பிடிப்பதற்கும் ஒப்படைப்பதற்கும் இடையில் அடிப்பதற்கென்று அதில் இடம் ஒதுக்கப்படவில்லை.

2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்குப் போகும் வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த ஒரு மூதாட்டியைக் குழந்தை கடத்துபவர் என்று சந்தேகித்து ஊரார் அடித்துக் கொன்றதை நீங்கள்தான் செய்தியாக வெளியிட்டீர்கள். அதை யாரும் ‘தர்ம அடி’ என்று எழுதியதாக எனக்கு நினைவில்லை. அடி ஒன்றுதான், அடிபட்டவர் பிழைத்தால் தர்மம், இறந்தால் கொலை என்று அவருடைய உடலின் தாங்குதிறனைப் பார்த்தா சொல்லைத் தேர்ந்தெடுப்பது?

காவல்துறையிடம் சிக்கியவர்கள் மட்டும் ஏன் கழிப்பறையில் தவறாமல் வழுக்கி விழுகிறார்கள், மாவுக்கட்டோடு எடுத்த அவர்கள் படத்தை நீங்கள் ஏன் கண்சிமிட்டலோடு வெளியிடுகிறீர்கள், அந்தத் தரைகளை யாராவது கழுவிவிடக் கூடாதா என்றெல்லாம் கேட்கத் தோன்றுகிறது. அதற்குத் தனி மடல் வேண்டும். கோபத்தில் எழுதியதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வேண்டுகோள் சிறியது. ‘தர்ம அடி’ என்ற சொல்லைச் செய்தியில் இனி எழுத வேண்டாம். ‘தாக்கினர்’ என்ற நேரான சொல் இருக்கிறது, இடமும் குறைவாகவே பிடிக்கும். ‘கவனிப்பு’, ‘பாடம் புகட்டினர்’ என்று வேறு பெயரில் அதையே மீண்டும் கொண்டுவரவும் வேண்டாம். நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும்வரை ஒருவரைத் ‘திருடன்’ என்று எழுதாமல், ‘திருடியதாகச் சந்தேகிக்கப்பட்டவர்’ என்று எழுதுங்கள். தலைப்பு நீளும் என்பீர்கள், நீளட்டும். சந்தேகம் தவறு என்று தெரிந்தால், முதல் செய்தி வந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் அதையும் வெளியிடுங்கள்.

என் அக்காள் மகனின் பெயரை வெளியிட வேண்டாம். அவன் செய்தியில் வந்தது போதும். அந்த நாளிதழின் பெயரையும் நான் இங்கே எழுதவில்லை. செய்தியை வெளியிட்டவர்களுக்கு அது தெரியும். என் இரண்டு கடிதங்களும் அவர்களிடம் இருக்கின்றன. தயவுசெய்து அவற்றுக்குப் பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்