"பையன் தாங்குகிறான்" என்று சொன்ன தாய்மாமனுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அக்காள் எழுதுகிறேன். சென்ற மாதம் நம் வீட்டுத் திருமணத்தில், மண்டபத்துக்குப் பின்னால் கார்கள் நிற்கும் இடத்தில், படிவம் மூன்றில் படிக்கும் என் மகனுக்கு நீ பீர் டின்னைத் திறந்து கொடுத்ததையும், இரண்டு டின் குடித்தும் அவன் தள்ளாடவில்லை என்று மற்றவர்களிடம் பெருமையாகச் சொன்னதையும் கேள்விப்பட்டேன். உனக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கலாம்தான். சுங்கை சிப்புட்டில் உன்னைப் போலப் பாசமுள்ள தாய்மாமன்கள் நிறைய பேர் இருப்பதால் பொதுவில் எழுதுகிறேன்.

நீ பெருமைப்பட்ட விஷயம்தான் எனக்குப் பயம் தருகிறது. அமெரிக்க மனநல மருத்துவர் மார்க் ஷுகிட், குடிநோயாளிகளின் மகன்களையும் அந்தப் பின்னணி இல்லாத இளைஞர்களையும் இருபது வயதையொட்டிய பருவத்தில் அழைத்து, அளந்து மது கொடுத்துக் கவனித்தார். ஏறத்தாழ பத்து ஆண்டுகள் கழித்து அவர்களையே மீண்டும் விசாரித்தபோது, அன்று போதை குறைவாக ஏறியவர்களிடையே குடிக்கு அடிமையானவர்கள் அதிகமாக இருந்ததை 1994இல் எழுதினார். யோசித்துப் பார்த்தால் இதில் வியப்பில்லை. தலைச்சுற்றலும் குமட்டலும் மற்றவனை இரண்டாவது டின்னிலேயே நிறுத்திவிடும். அவை தாமதமாக வருகிறவன், கூட இருப்பவர்களுக்கு ஏறிய அளவு தனக்கும் ஏறும்வரை குடித்துக்கொண்டே போவான். உன் அத்தானும் இளவயதில் எவ்வளவு குடித்தாலும் நிதானம் தவறாதவர் என்று தோட்டத்தில் பெயர் வாங்கியவர்தானே, இன்று குடிநோயாளியாக இருக்கிறார்.

"அப்பன் ரத்தம், எப்படியும் குடிப்பான்" என்று நீ சொல்லக்கூடும். குடிநோய்க்கு ஆளாகும் வாய்ப்பில் ஏறத்தாழ பாதி பரம்பரையைச் சார்ந்தது என்று இரட்டையர்களையும் தத்துப் பிள்ளைகளையும் வைத்துச் செய்த ஆய்வுகள் காட்டுகின்றன. மீதிப் பாதி நம் கையிலும் ஊர் கையிலும் இருக்கிறது. எந்த வயதில் குடிக்கத் தொடங்குகிறான் என்பதையும் அதில் கவனிக்க வேண்டும். 1997இல் வெளியான அமெரிக்கக் கணக்கெடுப்பு ஒன்றில், 15 வயதுக்கு முன் குடிக்கத் தொடங்கியவர்களில் நூற்றுக்கு 40 பேர் வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் அடிமையாகியிருந்தார்கள். 20 வயதுக்குப் பிறகு தொடங்கியவர்களில் அது 10 பேர் அளவே.

நம் கண் முன்னால் குடித்தால் அளவு தெரிந்துகொள்வான் என்ற நம்பிக்கையும் நம்மிடம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் ஏறத்தாழ 1,900 பிள்ளைகளை ஆறு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், பெற்றோரே மது கொடுத்ததால் எந்தப் பாதுகாப்பும் கிடைக்கவில்லை; வீட்டில் வாங்கிப் பழகிய பிள்ளைக்கு வெளியிலும் மது கிடைக்கும் வாய்ப்புதான் கூடியது. சட்டத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை: 2017 டிசம்பர் 1 முதல் மலேசியாவில் 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு மது விற்கக் கூடாது. கடைக்காரர் அடையாள அட்டை கேட்கலாம், தாய்மாமனிடம் யார் கேட்பது? மது வேண்டாம் என்று நம்மவர்கள் சொல்வது புதிதும் அல்ல: 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதும் அவர்கள் கோரிக்கையாக இருந்தது என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

உன் அத்தானைப் பற்றியும் எழுதியாக வேண்டும். தைப்பூசத்துக்கு நாற்பத்தெட்டு நாள் விரதம் இருக்க முடிகிறவருக்கு அடிமைத்தனம் ஏது, எல்லாம் கொழுப்பு என்று நீ பலமுறை சொல்லியிருக்கிறாய். விரதத்துக்கு முடிவு தேதி இருக்கிறது, அதை எண்ணிக்கொண்டுதான் அவர் இருந்தார். காவடி இறக்கிய மறுநாள் எங்கே போனார் என்பது உனக்கும் தெரியும். கடந்த முறை விரதத்தின் மூன்றாம் நாள் கை நடுங்கி, சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொன்னபோது, சாமி வந்துவிட்டது என்று சிலர் கற்பூரம் ஏற்றினார்கள். தினமும் மதுவை வைத்தே ஓடிப் பழகிய மூளை, அது திடீரென்று நிற்கும்போது கட்டுமீறிக் கிளர்ந்தெழுவதால் அப்படி ஆகிறது என்றும், வலிப்பு வந்து உயிரே போகலாம் என்றும், மருந்தோடுதான் நிறுத்தவேண்டும் என்றும் மருத்துவமனையில் விளக்கினார்கள். இதைக் கொழுப்பு என்று நீ என் மகன் முன்னால் சொல்லும்போது, குடிநோய் திமிர் பிடித்தவர்களுக்குத்தான் வரும், தனக்கு வராது என்று அவன் முடிவுகட்டிக்கொள்கிறான்.

அவனிடம் நான் பேசிவிட்டேன். அப்பாவுக்கு இருப்பது நோய், அது உனக்கும் வரக்கூடும், ஆகவே 21 வயதுவரை ஒரு சொட்டும் கூடாது என்று சொன்னேன். தலையாட்டினான். ஆனால் பதினைந்து வயதுப் பையன் அம்மா சொல்லைவிட மாமன் சொல்லைத்தான் பெரிதாக நினைப்பான் என்பதால் உன்னிடம் மூன்று காரியம் கேட்கிறேன். கார் நிறுத்துமிடத்தில் சொன்னதை நீயே அவனிடம் திருத்திச் சொல். நண்பர்களோடு போன இடத்தில் பாட்டில் திறந்தால் எந்த நேரமானாலும் உனக்கு அழைக்கச் சொல்லியிருக்கிறேன். அழைத்தால் போய் ஏற்றிக்கொண்டு வா, ஏசுவதை மறுநாள் வைத்துக்கொள். உன் அத்தானுக்கு அரசாங்க கிளினிக்கில் அடுத்த வாரம் தேதி கொடுத்திருக்கிறார்கள். நான் கூப்பிட்டால் சண்டை வரும், நீ கூப்பிட்டால் காரில் ஏறுவார்.

தீபாவளிக்கு வழக்கம்போல் குடும்பத்தோடு வா. பீர் பெட்டி மட்டும் வேண்டாம்.

அன்புடன்,
அக்காள்